அன்டிபயோட்டிக் வாங்கும்போது மருந்தாளரிடம் கேளுங்கள்
வைத்தியசாலை தொலைவாக இருக்கும் வன்னிக் கிராமங்களில் தடிமன், காய்ச்சல் என்றதும் பலர் முதலில் மருந்தகத்துக்கே போகிறோம். அங்கே மருத்துவரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் தர மறுக்கும் மருந்தாளரைக் கோபிக்க வேண்டாம். தடிமன் வைரசால் வருவது, பக்டீரியாக்களைக் கொல்லும் அமொக்சிசிலின் போன்ற அன்டிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது, வீணாக எடுத்தால் பக்டீரியாக்கள் மருந்துக்கு மசியாதவையாகிவிடும் என்று அறிந்தே அவர் மறுக்கிறார். என் பார்வையில் அது அவர் செய்யும் பெரிய உதவி.

துண்டோடு வாங்கும்போது, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை உறையில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைத் தடுக்க வயலுக்குப் போவோருக்குத் தரப்படும் டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக்கைப் பாலுடன் விழுங்காமல், நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான பாணி மருந்துத் தூளை, கொதித்தாறிய நீரில் போத்தலின் கோடு வரை எப்படிக் கலப்பது என்று காட்டும்படியும் அவரையே கேளுங்கள்.