வீட்டைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுவது எப்படி?

வீடு பார்க்க வரும் படக்குழு அழகை மட்டும் பார்ப்பதில்லை. கேமராவைப் பின்னால் தள்ளி வைக்க இடம் உண்டா, வண்டி நிறுத்தலாமா, தெருச் சத்தம் எவ்வளவு, மின்சாரம் தாங்குமா என்றுதான் கண்கள் சுற்றும். இவை சரியாக இருந்தால் காரை பெயர்ந்த சுவருக்குக்கூட ஆள் வரும். ஆகவே இதற்கென்று புது சோஃபா வாங்காதீர்கள்.

1. படம் எடுப்பது

ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் பகலில் எடுங்கள். போனின் சாதாரண லென்ஸே போதும். அகலக் கோண லென்ஸ் எனக்கு ஆகாது. சின்ன அறையைக் கூடமாகக் காட்டிவிடும், நேரில் வருகிறவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். ஜன்னல் பார்க்கும் திசை, கூரை உயரம், படிக்கட்டின் அகலம் இவற்றையும் குறித்து வையுங்கள்.

2. அனுமதி

வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும், அடுக்குமாடியென்றால் குடியிருப்போர் சங்கத்திடமும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் வணிகப் பயன்பாட்டுச் சேதத்தை ஏற்காது. படக்குழுவின் பொறுப்புக் காப்பீட்டில் (அவர்களால் பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டுவது) உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

3. மின்சாரம்

என்னை அதிகம் படுத்திய இடம் இதுதான். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் லைன் ஒன்று தாங்குவது சுமார் 3,680 வாட். பழைய வகை 2,000 வாட் விளக்கு இரண்டைப் போட்டாலே அது தாண்டிவிடும். எல்இடி விளக்குகள் வந்தபின் சுமை குறைந்தது உண்மைதான். ஆனால் விளக்கை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. மேக்கப் அறையில் ஹேர் டிரையர், உடைகளுக்கு இஸ்திரிப்பெட்டி, ஓரத்தில் காபி கெட்டில் எல்லாம் அதே லைனில் ஏறும், நடுக்காட்சியில் டிரிப் ஆகும். எந்த பிளக் எந்த பிரேக்கரில் வருகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, பிளக் மேலேயே எண் ஒட்டிவிடுங்கள். பெரிய படக்குழு என்றால் ஜெனரேட்டர் அவர்களே கொண்டுவர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மெயின் பெட்டியிலிருந்து நேராக ஒயர் இழுக்க விடவே கூடாது.

4. ஒப்பந்தம்

எந்தெந்த அறைகள், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, சேதத்துக்கு முன்பணம். செட் போடும் நாளும் பிரிக்கும் நாளும் தனிக்கணக்கு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நேரம் என்பது கடைசி ஷாட் முடியும்வரை அல்ல, கடைசி ஆள் வெளியேறும்வரை என்று எழுதுங்கள். எடுத்த காட்சிகளைக் காலமெல்லாம் பயன்படுத்தும் உரிமையைக் கேட்பார்கள், அது வழக்கம்தான். குடும்பப் படங்களை மட்டும் முதல் நாளே கழற்றிவிடுங்கள்.

5. படப்பிடிப்பு நாள்

குழு நுழையும் முன் வீடு முழுவதும் வீடியோ எடுங்கள், அவர்களின் மேனேஜரைக் கூட வைத்துக்கொண்டு. ஸ்டாண்டு கால்களுக்கு ரப்பர், தரைக்கு அட்டை. ஒலிப்பதிவாளர் ஃபிரிட்ஜை அணைக்கச் சொல்வார். மறுபடி போட மறக்காமலிருக்க, அணைத்தவர் தன் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைப்பது இந்தத் தொழிலில் உள்ள பழைய தந்திரம்.

பின்சேர்க்கை: சுவரில் டேப் ஒட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கேஃபர் டேப் (படப்பிடிப்பில் ஒயர்களை ஒட்டும் துணி டேப்) உரித்தபின் பசை ஒட்டியிருக்காது என்பார்கள். ஆனால் பெயிண்டையே உரித்துக்கொண்டு வரலாம். பெயிண்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டும், எளிதில் உரியும் பெயிண்டர் டேப்தான் என் தேர்வு, அதையும் மறைவான மூலையில் ஒட்டிப் பார்த்துவிட்டு. அப்புறம், புகை இயந்திரம் வருகிறதென்றால் தீ எச்சரிக்கைக் கருவியைப் பற்றிக் கட்டடப் பராமரிப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.