வேன்ல விண்டோ கிளீனிங் வாட்டர் சிஸ்டம் மாட்டறதும் இன்சூரன்ஸ் எடுக்கறதும்: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

கண்ணாடி ஜன்னல் கழுவுற தொழில்ல இப்ப ஏணி போட்டு ஏறுறவங்க கம்மி. வேனுக்குள்ள ஒரு டேங்க், ஒரு பம்ப், நீளமான ஹோஸ், அது முனையில பிரஷ் வச்ச நீளக் கம்பு (இதைத்தான் ‘போல்’னு சொல்றாங்க), கீழயே நின்னு மூணாவது மாடி வரைக்கும் கழுவிடலாம். தண்ணி சுத்தமா உப்பே இல்லாம இருக்கறதால துடைக்கவே வேணாம், அதுவா காஞ்சா கறை நிக்காது. பிரிட்டன்ல 2005ல உயரத்துல வேலை செய்றதுக்கான விதிகள் வந்துச்சு, ஏறாம முடிக்கக்கூடிய வேலைய ஏறாமலே முடிங்கறதுதான் அதோட சாரம், அந்த ஊர்ல இந்த முறை நல்லா பிடிச்சுக்கிட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, மாட்டறது எப்படி? நிறைய பேர் முதல்ல டேங்க் வாங்கிடறாங்க, அப்புறம் வேனுக்குள்ள இடம் பாக்கறாங்க, கடைசியா யாராவது கேட்டா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போடறாங்க. இத அப்படியே தலைகீழா பண்ணணும். டேங்கை எங்க போல்ட் போடறீங்கங்கறதும் இன்சூரன்ஸ் ஃபார்ம்ல என்ன எழுதறீங்கங்கறதும் ஒரே கேள்விக்கான பதில்தான்: வேன் திடீர்னு நின்னா பின்னாடி இருக்கிற அத்தனை கிலோ தண்ணியும் எங்க போகும்?

ஸ்டெப் 1: எடை கணக்கு

1 லிட்டர் தண்ணி 1 கிலோ. 500 லிட்டர் டேங்க்னா அரை டன் தண்ணிய ஏத்திக்கிட்டு ஓட்டறீங்கன்னு அர்த்தம். வேனோட கதவு ஓரத்துலயோ என்ஜின் பக்கத்துலயோ ஒரு பிளேட் இருக்கும், அதுல வண்டியோட மொத்த எடை எவ்வளவு வரைக்கும் போகலாம், முன் ஆக்ஸில் (சக்கரங்களோட அச்சு) எவ்வளவு, பின் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும்னு போட்டிருக்கும். அத போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி இன்சூரன்ஸுக்கும் உதவும்.

உதாரணத்துக்கு மொத்தம் 2,000 கிலோ வரை போகலாம், காலி வண்டி 1,350 கிலோன்னு வச்சுக்குவோம். மிச்சம் 650. ஆஹா 600 லிட்டர் டேங்க் போடலாமேன்னு தோணும். இருங்க. ஓட்டறவர் 80, கூட வர்றவர் 80, டேங்கும் இரும்பு ஃபிரேமும் 60, ஹோஸ் சுத்தி வைக்கிற ரீலும் ஹோஸும் 30, பேட்டரி 30, ஃபில்டர், போல், ஏணி, பக்கெட் அது இதுன்னு 50. இதுவே 330 ஆச்சு, தண்ணிக்கு மிச்சம் 320 தான். கொஞ்சம் மிச்சம் விட்டு வைக்கணும்னா 250 லிட்டர்தான் சரி.

அது போதுமா? தாராளமா. போல்ல நிமிஷத்துக்கு சுமார் 2 லிட்டர் போகும்னு வச்சாலும் தண்ணி விடாம ஓடினா மணிக்கு 120 லிட்டர், ஆனா நடக்கறது, ஹோஸ் இழுக்கறது, கஸ்டமர்கிட்ட பேசறது எல்லாம் போக தண்ணி ஓடற நேரம் நாம நினைக்கறத விட கம்மி. பெரிய டேங்க் வாங்குறது ஒரு ஆசை, அவ்வளவுதான். எல்லாம் மாட்டி முடிச்சதும் டேங்கை ஃபுல் பண்ணி, ரெண்டு பேரும் உக்காந்து எடை மேடையில ஒரு தடவை ஏத்தி பாருங்க, ஒவ்வொரு ஆக்ஸிலையும் தனித்தனியா. அந்த சீட்டுதான் உண்மை, காகிதக் கணக்கு இல்ல.

ஸ்டெப் 2: டிரில்லை கையில எடுக்கறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் போன்

வேனுக்குள்ள டேங்க், பம்ப், ரெண்டாவது பேட்டரின்னு நிரந்தரமா மாட்டினா பெரும்பாலான கம்பெனிங்க அத வண்டியில பண்ண மாற்றம்னுதான் எடுத்துக்குவாங்க. சொல்லாம விட்டா கிளெய்ம் நேரத்துல நீங்க மறைச்சீங்கன்னு சொல்லி பணத்த குறைக்கலாம், இல்ல பாலிசியே செல்லாதுன்னு சொல்லலாம். அதனால மாட்டறதுக்கு முன்னாடியே கேளுங்க: எத்தனை லிட்டர், யார் மாட்டறா, நானே மாட்டினா ஒத்துக்குவீங்களா, கிராஷ் டெஸ்ட் பண்ண ஃபிரேம்தான் வேணுமா, தொழிலுக்கு ஓட்டறதுன்னு பாலிசியில இருக்கா. சில கம்பெனி தொழில்முறையா மாட்டின சர்டிஃபிகேட் இல்லாம ஏத்துக்காது, அத டேங்க் வாங்கின அப்புறம் தெரிஞ்சுக்கறதுல என்ன லாபம்? போன்ல சரி சரின்னு சொன்னத நம்பி விட்டுடாதீங்க, அதையே மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க. வேன் லீஸ்ல இருந்தா ஓட்டை போட லீஸ் கொடுத்த கம்பெனியோட அனுமதியும் வேணும்.

ஸ்டெப் 3: டேங்கை உக்கார வைக்கறது

இதுதான் முழு வேலையிலயும் முக்கியமான இடம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

50 கிமீ வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி அரை மீட்டர் தூரத்துல நின்னுடுச்சுன்னா உள்ள இருக்கிற பொருள் மேல அதோட எடைய போல சுமார் 20 மடங்கு விசை விழும். தண்ணியும் டேங்கும் ஃபிரேமும் சேத்து 400 கிலோன்னா 8 டன். அது நேரா போறது டிரைவரோட முதுகை பாத்து. ரெண்டு ரேட்செட் ஸ்ட்ராப் (லீவரால இறுக்கற பட்டை) போட்டு இழுத்து கட்டிட்டேன் அசையலன்னு சொல்றவங்கள நிறைய பாக்கலாம், தள்ளி பாத்தா அசையாதுதான், 8 டன்னுக்கு அது நூல் மாதிரி. பின்னாடி தரையில போட்டிருக்கிற பிளைவுட்ல ஸ்க்ரூ போடறதும் அதே கதைதான், பிளைவுட்டோட சேந்து எல்லாம் பறந்து வரும்.

டேங்கை சுத்தி ஸ்டீல் ஃபிரேம் இருக்கணும், அந்த ஃபிரேம் வேனோட உலோகத் தரை வழியா போல்ட்ல இறங்கணும். முடிஞ்சா வேன் கம்பெனியே கொடுத்த லோடு கட்டுற பாயிண்ட்டுகளையோ சேஸிஸ் கிராஸ் மெம்பரையோ (அடிச்சட்டத்துல குறுக்க போற இரும்பு) பிடிங்க. வெறும் தகட்டுல போடறதா இருந்தா கீழ்ப்பக்கம் சின்ன வாஷர் பத்தாது, அகலமான கனமான இரும்பு பிளேட் வச்சாதான் தகடு கிழியாது. போல்ட் 8.8 கிரேடோ (போல்ட்டோட பலத்த சொல்ற எண்) அதுக்கு மேலயோ, லாக் நட்டோட. தெருக்கோடி கடையில கிடைக்கிற ஏதோ ஒரு போல்ட் வேணாம்.

ஓட்டை போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சு பாருங்க. பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், வயரிங், ஸ்பேர் வீல் எல்லாம் அங்கதான் இருக்கும். எலக்ட்ரிக் வேன்னா தரைக்கு அடியில பேட்டரி, நீங்களா ஓட்டை போடவே கூடாது, அதுக்குன்னு தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க. போட்ட ஓட்டையோட விளிம்புல பெயிண்ட் அடிச்சு விடணும், இல்லன்னா துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இடம்? டிரைவர் சீட்டுக்கு பின்னாடி இருக்கிற தடுப்ப ஒட்டி, ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல. பின் ஆக்ஸிலுக்கு பின்னாடி வச்சா முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சொன்ன பேச்சு கேக்காது. அப்புறம் டேங்குக்குள்ள தடுப்பு தகடு இருக்கிறதா பாத்து வாங்குங்க. நிறைகுடம் தளும்பாதுங்கறது வேனுக்கு அப்படியே பொருந்தும், பாதி டேங்கோட வளைவுல திரும்பினா தண்ணி மொத்தமா ஒரு பக்கம் ஓடி வண்டிய இழுக்கும், தடுப்பு இருந்தா அந்த ஓட்டம் உடையும்.

ஸ்டெப் 4: தண்ணி லைன்

குழாய்த் தண்ணி முதல்ல செடிமெண்ட் ஃபில்டர், அப்புறம் கார்பன் ஃபில்டர், அப்புறம் ஆர்ஓ மெம்பிரேன் (உப்புல பெரும்பகுதிய தடுக்கிற சவ்வு), கடைசியா டிஐ ரெசின் (மிச்ச உப்ப பிடிக்கிற சின்ன மணிகள்), அதுக்கப்புறம் டேங்க். கார்பன் எதுக்குன்னா குளோரின் மெம்பிரேனை கெடுத்துடும். டிடிஎஸ்ங்கறது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, 200 டிடிஎஸ் தண்ணி ஆர்ஓவ தாண்டி வரும்போது சுமார் 10க்கு வரும், மிச்சத்த ரெசின் பிடிச்சு 0 ஆக்கும். டிடிஎஸ் மீட்டர் விலை கம்மிதான், டேங்க் ரொப்பும்போதெல்லாம் பாருங்க, 10 தாண்டினா கண்ணாடியில புள்ளி விழ ஆரம்பிக்கும், ரெசின் தீர்ந்துட்டா நம்பர் மளமளன்னு ஏறும். ஆர்ஓ கழிவு தண்ணி நல்லாவே வெளிய போகும், அதுக்கும் ஒரு ஹோஸ், ஒரு வடிகால் யோசிச்சு வைங்க.

டேங்க்லருந்து பம்புக்கு போற வழியில ஒரு வால்வு, ஒரு வலை ஃபில்டர், ரெண்டும் கட்டாயம். ஃபிட்டிங் பிளாஸ்டிக்கோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருக்கட்டும். பம்ப் 12 வோல்ட் டயஃப்ராம் டைப், அத தரையோட இறுக்கி வச்சா வேன் முழுக்க கடகடங்கும், ரப்பர் கால் மேல உக்கார வைங்க. வெளிச்சம் புகாத டேங்கா இருந்தா பாசி பிடிக்காது. தண்ணி 20லருந்து 45 டிகிரி வரைக்கும் வெதுவெதுன்னு நாள் கணக்கா தேங்கி நின்னா லெஜியோனெல்லாங்கற, நுரையீரலை பாதிக்கிற கிருமி வளர வாய்ப்பு இருக்கு, அதனால லீவுல போறப்ப டேங்கை காலி பண்ணிடுங்க.

ஸ்டெப் 5: கரண்ட்

பம்பை வண்டி பேட்டரியில நேரா மாட்டாதீங்க, சாயந்தரம் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தனியா ஒரு டீப் சைக்கிள் பேட்டரி (நிறைய இறங்கி ஏறினாலும் தாங்கறது), 100 ஆம்ப் ஹவர் பக்கம் இருந்தா போதும். பம்ப் 6 ஆம்ப் இழுத்து 6 மணி நேரம் ஓடினா 36 தான் ஆகுது. புது வேன்ங்கள்ல ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருக்கும், வண்டி பேட்டரி நிறைஞ்சதும் வோல்டேஜ குறைச்சுடும், அதுக்கு சாதாரண ரிலே வேலைக்காகாது, பேட்டரி டு பேட்டரி சார்ஜர் வேணும். ஃபியூஸ் பேட்டரிக்கு பக்கத்துலயே, முடிஞ்ச அளவு ஒட்டி. வயர் தகட்டை தாண்டற ஒவ்வொரு இடத்துலயும் ரப்பர் குரோமெட் (வயர் உரசாம ஓட்டையில மாட்டற வளையம்). பேட்டரிய பெட்டிக்குள்ள வச்சு கட்டுங்க, தண்ணி லைனுக்கு கீழ வைக்காதீங்க.

ஸ்டெப் 6: டெஸ்ட்

முதல்ல கால் டேங்க் மட்டும் ரொப்பி பம்பை ஓட விட்டு ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் டிஷ்யூ பேப்பர் வச்சு பாருங்க, கண்ணுக்கு தெரியாத கசிவு பேப்பர்ல தெரியும். அப்புறம் ஃபுல் டேங்க், ஆளில்லாத இடத்துல மெதுவா ஓட்டி பிரேக் அடிங்க. திரும்பி வந்து போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்சால (எவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்கற ஸ்பேனர்) மறுபடி பாத்து பெயிண்ட் மார்க் ஒண்ணு போட்டு வைங்க, நகர்ந்தா கோடு விலகி தெரியும். பனி விழற ஊர்னா ராத்திரி பம்பையும் மெம்பிரேனையும் உறைய விடக்கூடாது, உறைஞ்சா பம்ப் தலை வெடிக்கும், மெம்பிரேன் போச்சு.

ஸ்டெப் 7: இப்ப பாலிசிய முடிக்கறது

வண்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தா எல்லாம் கவர் ஆயிடுச்சுன்னு நினைக்கறதுதான் பொதுவா நடக்கறது. அப்படி இல்ல, இதுல மூணு நாலு தனித்தனி விஷயம் இருக்கு. வேன் பாலிசியில சிஸ்டத்தோட மதிப்பும் சேந்திருக்கான்னு கேளுங்க. கழட்டி எடுக்கக்கூடிய போல், ரீல் இதுக்கெல்லாம் டூல்ஸ் கவர் தனி, அதுல ராத்திரி வெளிய நிறுத்தினா கிடையாதுன்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், தேடி படிங்க. நடைபாதையில போட்ட ஹோஸ் தடுக்கி யாராவது விழுந்தா அது பப்ளிக் லயபிலிட்டி, அதாவது வெளியாளுக்கு நம்மால வர்ற நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ். அதுலயும் ஒரு ஓட்டை உண்டு, நீங்க கழுவிக்கிட்டிருக்கிற கண்ணாடியே கீறினா பல பாலிசி கை விரிச்சுடும், அதுக்கு தனியா சேக்கணும். ஆள் வச்சு வேலை வாங்கினா அவருக்கும் இன்சூரன்ஸ், பிரிட்டன்ல இது சட்டப்படி கட்டாயம், குறைஞ்சது 50 லட்சம் பவுண்டுக்கு.

பில், சீரியல் நம்பர், எடை மேடை சீட்டு, மேலயும் அடியிலயும் எடுத்த போல்ட் போட்டோ, ஃபிரேம் சர்டிஃபிகேட், இன்சூரன்ஸ் கம்பெனி மெயில் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க, வேனுக்குள்ள இல்லாம வேற இடத்துல. பின்னாடி தண்ணிய சூடு பண்ண டீசல் ஹீட்டர் சேத்தா அவங்களுக்கு திரும்ப ஒரு மெயில் போடணும், அதோட புகை வெளிய போக தனி குழாயும் உள்ள கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் வேணும். வேனே மாத்தறீங்கன்னா டேங்கும் ஃபிரேமும் கூட வரலாம், போல்ட்டையும் லாக் நட்டையும் மட்டும் புதுசா வாங்கிடுங்க, புது வேனோட பிளேட்ட பாத்து எடைக் கணக்கையும் முதல்லருந்து போடுங்க.