கோலாலம்பூரில் வீடு பார்க்கும் முன்: ஸ்டேஷனும் அந்தக் கடைசி நடையும்

கோலாலம்பூரில் வேலை கிடைத்து வருகிறவர்கள் போன் போட்டதும் முதலில் கேட்பது, "எந்த ஏரியாவில் வாடகை கம்மி?" என்பதுதான். வாடகை கம்மியான இடங்கள் இங்கே நிறையவே இருக்கின்றன. ஆனால் ஆபீஸ் எங்கே, எந்த ரயில் தடத்தில் என்று பார்க்காமல் வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடித்துவிட்டு, ஒரு வருட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு, காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் மழையும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் என்று வழியிலேயே கழிக்கிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். அதனால் முதலில் ஆபீஸ் முகவரி, அடுத்து அதற்குப் பக்கத்து ஸ்டேஷன், அப்புறம்தான் வீடு.

ரயில் வரைபடத்தை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. இரண்டும் நகர மெட்ரோ ரயில்கள். கெலானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தில் இரட்டைக் கோபுரம் இருக்கும் கே.எல்.சி.சி., கே.எல். சென்ட்ரல், பங்சார் சவுத் ஆபீஸ்களுக்கு இறங்கும் கெரிஞ்சி, பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா எல்லாம் வரும். அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங் தடங்கள் செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வழியாகத் தெற்கே போய்ப் பிரிகின்றன, அம்பாங் தடம் கிழக்கே திரும்பிவிடும். 2017இல் முழுதாகத் திறந்த காஜாங் எம்.ஆர்.டி. புக்கிட் பிந்தாங், டி.ஆர்.எக்ஸ். என்னும் நிதி வட்டாரம், செராஸ் வழியாகக் காஜாங் போகிறது. 2023 மார்ச்சில் முழுதாக ஓட ஆரம்பித்த புத்ராஜெயா எம்.ஆர்.டி. வடக்கிலிருந்து தித்திவங்சா, டி.ஆர்.எக்ஸ்., சுங்கை பெசி வழியாகச் சைபர்ஜெயா, புத்ராஜெயா வரை. இவை தவிர மோனோரயில், கொமுட்டர் என்னும் புறநகர் ரயில். இதில் கொமுட்டர் மட்டும் வேறு நிறுவனம், வேறு வாசல், வேறு கட்டணம். எல்.ஆர்.டி.யிலிருந்து அதற்கு மாற வேண்டுமென்றால் வெளியே வந்து மறுபடி கார்டைத் தட்டி உள்ளே போக வேண்டும்.

கொமுட்டரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பத்துமலை, ரவாங், கிள்ளான் பக்கம் வாடகை குறைவு, தமிழ் ஆட்களும் அதிகம், வரைபடத்தில் பார்த்தால் நேராகக் கே.எல். சென்ட்ரலுக்கு ரயில் வருகிறது, பார்க்க ரொம்ப வசதியாகத்தான் தெரியும். ஆனால் எல்.ஆர்.டி. மாதிரி சில நிமிடங்களுக்கு ஒன்று வருவதில்லை. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு அரை மணி, சில வேளைகளில் அதற்கும் மேலே. நேரத்துக்கு கார்டு தட்ட வேண்டிய ஆபீஸ் என்றால் கொமுட்டரை மட்டும் நம்பி வீடு எடுக்காதீர்கள்.

இப்போது ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "எல்.ஆர்.டி.க்கு 500 மீட்டர்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் காக்கை பறக்கும் தூரம். கோலாலம்பூரைக் குறுக்கும் நெடுக்குமாக நெடுஞ்சாலைகள் வெட்டிக்கொண்டு போகின்றன. உங்கள் பால்கனியிலிருந்து ஸ்டேஷன் கூரை கண்ணுக்கெதிரே தெரியும், நடுவில் ஆறு தடச் சாலையும் தடுப்புச் சுவரும் இருக்கும், நடைபாலமோ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அந்த ஒரு கிலோமீட்டரிலும் பாதி தூரத்துக்கு நடைபாதை இருக்காது, இருக்கிற நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கும், பக்கத்தில் ஆளை விழுங்கும் ஆழத்தில் மழைநீர்க் கால்வாய் ஓடும், சில இடங்களில் மூடியும் இருக்காது. எனவே வீட்டைப் பார்த்துவிட்டு ஏஜென்ட் காரிலேயே திரும்பி வந்துவிடாதீர்கள். அங்கேயே இறங்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்து பாருங்கள். முடிந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், அதிலும் மழை நாளில். இந்த ஊரில் பிற்பகல் வெயில் முடிந்து ஆபீஸ் விடும் நேரத்துக்குச் சரியாக இடி மழை பிடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் கிராப் (செயலியில் பிடிக்கும் வாடகைக் கார்) விலையும் ஏறிவிடும், கார் கிடைக்கவே நேரமாகும். கூரை போட்ட நடைபாதையோடு ஸ்டேஷனுக்குச் சேர்கிற வீட்டுக்கு மாதம் இருநூறு ரிங்கிட் கூடக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு. பெண்கள் இரவு ஷிஃப்ட் முடிந்து வருவார்கள் என்றால் அந்த வழியில் விளக்கு எரிகிறதா, கடைகள் எத்தனை மணி வரை திறந்திருக்கின்றன என்பதையும் பாருங்கள்.

எம்.ஆர்.டி. ஸ்டேஷன்களில் இணைப்பு பஸ் ஓடுகிறது, கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால் உங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வழியாகப் போகிறதா, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று அங்கே குடியிருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செயலியில் காட்டும் நேரத்தைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

இன்னொன்று, ஒரே தடத்தை நம்பி இருக்காதீர்கள். 2022 நவம்பரில் கெலானா ஜெயா தடத்தில் கோளாறு ஏற்பட்டு 16 ஸ்டேஷன்கள் பல நாள் மூடிக் கிடந்தன. இரண்டு தடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் சமாளித்தார்கள். தித்திவங்சா, மலூரி, சுங்கை பெசி, பசார் செனி, கே.எல். சென்ட்ரல் பக்கமெல்லாம் அந்த வசதி உண்டு.

சரி, தமிழ் ஆட்கள் இருக்கும் இடங்கள். எல்லாரும் முதலில் சொல்வது பிரிக்ஃபீல்ட்ஸ். துன் சம்பந்தன் சாலையில் இறங்கினால் பூமாலைக் கடை, பலசரக்குக் கடை, வாழை இலைச் சாப்பாடு, கந்தசாமி கோவில், விவேகானந்த ஆசிரமம் எல்லாம் நடக்கிற தூரம். நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புள்ளியும் கோடுமாகப் பதித்த ஓடுகள் ஓடுவதைப் பார்ப்பீர்கள். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருக்கிறது, அவர்களின் கைக்கோலுக்கு வழிகாட்டும் தடம் அது. தயவுசெய்து அதன்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், பெட்டி படுக்கையையும் வைக்காதீர்கள். போக்குவரத்தைப் பொறுத்தவரை இதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.எல்.சி.சி. ஐந்தாவது ஸ்டேஷன், கெரிஞ்சி மூன்றாவது, பாலம் வழியாக முசியம் நெகாரா எம்.ஆர்.டி.க்கு நடந்தால் டி.ஆர்.எக்ஸ். நான்காவது. ஆனால் வாடகை அதிகம், வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், தீபாவளி மாதம் முழுக்கக் கூட்டம். தனியாளாக வருபவர் முதல் ஒரு மாதம் இங்கே ஓர் அறை எடுத்துத் தங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்து, அப்புறம் நிலையான வீட்டுக்குப் போவது நல்லது. கடைச் சுவர்களிலும் தூண்களிலும் அறை வாடகைக்கு என்று காகிதம் ஒட்டியிருப்பார்கள், அதில் பாதியாவது உண்மையாக இருக்கும்.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு நான் சொல்வது செந்தூல். ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, கோவில், சந்தை, தோசைக் கடை எதற்கும் அலைய வேண்டாம், வாடகையும் பிரிக்ஃபீல்ட்ஸ் அளவுக்கு ஏறவில்லை. அங்கிருந்து எல்.ஆர்.டி. பிடித்து மஸ்ஜித் ஜாமெக்கில் மாறினால் கே.எல்.சி.சி. செந்தூல் பாராட் எம்.ஆர்.டி.யில் ஏறினால் டி.ஆர்.எக்ஸ். வரை மாறவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., கொமுட்டர் மூன்றுமே செந்தூலில் வெவ்வேறு மூலையில் இருக்கின்றன. "செந்தூலில் வீடு" என்று சொன்னால் போதாது, எந்த ஸ்டேஷன் பக்கம் என்று கேளுங்கள். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் நகரத்திலிருந்து பத்துமலைக்குப் போகும் நாட்களில் இந்தப் பக்கத்துச் சாலைகளை மூடிவிடுவார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

பூச்சோங்கில் வீடுகள் பெரிது, இந்தியக் கடைகளும் நிறைய, 2016இலிருந்து எல்.ஆர்.டி.யும் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து நகர மையத்துக்கு ரயிலில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், காரில் போனால் எல்.டி.பி. நெடுஞ்சாலை ஜாம். ஆபீஸ் சுபாங் பக்கமோ சைபர்ஜெயாவோ என்றால் மட்டும் பூச்சோங். சைபர்ஜெயா வேலைக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை: அங்கே எம்.ஆர்.டி. இருக்கிறது என்று நம்பி நகரத்தில் வீடு எடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பக்கம் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வாசல் வரை எப்படிப் போவீர்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான ஆபீஸ்கள் நடக்கிற தூரத்தில் இல்லை.

கார் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: டோல், பார்க்கிங், தவணை மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து ரோன் 95 பெட்ரோலின் மானிய விலை மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான், நமக்குச் சந்தை விலை. அதே மாதிரி, கூட வேலை செய்யும் மலேசியர்கள் 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் எவ்வளவு வேண்டுமானாலும் போகிறார்கள், அந்த பாஸும் குடிமக்களுக்குத்தான். நீங்கள் டச் அண்ட் கோ கார்டில் காசு போட்டு ஒவ்வொரு பயணத்துக்கும் கட்டுவீர்கள், எனவே மாதக் கணக்கு போடும்போது அவர்கள் சொல்லும் தொகையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்கு மனதில் பெரிதாகப் படுவது, வீட்டில் இருக்கப்போகிறவர். பெரும்பாலும் மனைவி. சார்ந்தோர் பாஸில், அதாவது வேலைக்கு வருபவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் அனுமதியில் வருகிறார், வேலை செய்ய அனுமதி இல்லை, ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவராகக்கூட இருக்கலாம். நீங்கள் காலையில் போய் இரவு வருவீர்கள், நடுவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முப்பதாவது மாடியில் அவர் என்ன செய்வார்? ஆபீஸுக்கு இருபது நிமிடத்தில் போகிற, நீச்சல் குளமும் ஜிம்மும் இருக்கிற அழகான கோண்டோவை எடுத்துவிட்டு, கீழே இறங்கினால் நெடுஞ்சாலையைத் தவிர ஒன்றுமில்லை, கறிவேப்பிலை வாங்கவும் கிராப் பிடிக்க வேண்டும் என்றால், மூன்றே மாதத்தில் அந்த வீடு சிறையாகிவிடும். நாலு வார்த்தை தமிழில் பேச ஒரு அக்கா, நடந்து போக ஒரு கோவில் அல்லது ஒரு பூங்கா, குழந்தையோடு உட்கார ஒரு கடை, இவை இருக்கிற இடத்தில் உங்கள் பயணம் பதினைந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. வீடு பார்க்கும்போது அவரையும் அழைத்துப் போங்கள். அவர் இன்னும் ஊரில் இருந்தால் வீட்டின் உள்ளே மட்டும் வீடியோ எடுத்து அனுப்பாமல், வாசலிலிருந்து கடைத்தெரு வரை நடந்துகொண்டே எடுத்து அனுப்புங்கள். பிள்ளைகள் இருந்தால் பள்ளியைத் தேர்ந்தெடுத்த பிறகே வீடு, பள்ளி வேன் அந்தத் தாமானுக்கு வருமா என்று பள்ளியிலேயே கேட்டுவிடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் கேளுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளமே முழுகிப்போனது. நகரத்துக்குள்ளும் ஒரு மணி நேரம் பலமாகப் பெய்தால் சில சாலைகளில் தண்ணீர் நின்றுவிடும். தரை வீடு எடுக்கிறீர்கள் என்றால் சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா பாருங்கள், பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரியுங்கள், அடித்தளப் பார்க்கிங் உள்ள கட்டடம் என்றால் காவலாளியிடம் கேளுங்கள். அவர் பெரும்பாலும் நேபாளியாகத்தான் இருப்பார், சிரித்த முகமாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். லிஃப்ட் விஷயமும் அவருக்குத் தெரியும்: எத்தனை லிஃப்ட் வேலை செய்கிறது, காலை ஏழரைக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று.

ஒரு கசப்பான விஷயம். சில வீட்டு உரிமையாளர்கள் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை, சிலர் அதை விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். படிக்கும்போது வலிக்கும், வலிக்க வேண்டியதுதான், யாரும் இதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் உங்களுக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும். எனவே போனிலேயே ஏஜென்டிடம் "நாங்கள் இந்தியர்கள், உரிமையாளருக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள், அரை நாள் விடுப்பு மிச்சம். தெரிந்தவர் மூலமாக வரும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆபீஸில், கோவிலில், சாப்பாட்டுக் கடையில் வீடு தேடுகிறேன் என்று சொல்லி வையுங்கள்.

பணம். பொதுவாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை, இவ்வளவும் சாவி வாங்கும் முன் கட்ட வேண்டும். வாடகை 1,500 ரிங்கிட் என்றால் கையில் 5,250 இருக்க வேண்டும், ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் தனி. சம்பளம் வருவதற்கு முன்பே இது தேவைப்படும், ஊரிலிருந்து கிளம்பும்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள், பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடாமல் நிறுவனக் கணக்கில் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் கேட்க வேண்டியது, வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ குறிப்பிட்ட மாத அறிவிப்போடு வைப்புத்தொகையை இழக்காமல் வெளியேறலாம் என்ற விதி. வெளிநாட்டவர்களுக்கு இதைச் சேர்ப்பது வழக்கம்தான், ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் யாரும் தானாகச் சேர்க்க மாட்டார்கள். சாவி வாங்கிய அன்றே மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களைப் படம் எடுத்து, சுவரில் இருக்கும் ஓட்டை, ஏர்கான் ஒழுகல், உடைந்த கதவு எல்லாவற்றையும் தேதியோடு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது வைப்புத்தொகையைத் திரும்ப வாங்க அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.