ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது

ராயபுரம், வியாசர்பாடி பக்கம் நிறைய வீடுகளில் ஒரே போன் பல கைகளில் சுற்றுகிறது. பிள்ளைக்குக் கார்ட்டூன், அண்ணனுக்கு கிரிக்கெட். 'ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்' என்று ஏதோ ஓர் ஆப் கேட்கும், யாராவது யுபிஐ பின் போட்டுவிடுவார்கள். அந்த பின் ஒரு ரூபாயோடு முடிவதில்லை. மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள 'ஆட்டோபே' அனுமதியும் அதோடு போய்விடுகிறது.

அப்புறம் வேண்டாம் என்று தோன்றினால் ஆப்பை நீக்கிவிடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஆப் போனாலும் அனுமதி அப்படியே இருக்கும், பணமும் போய்க்கொண்டே இருக்கும்.

ரத்து செய்யும் இடத்தைத் தேடினாலோ, நாலைந்து திரை தாண்ட வேண்டும். 'சலுகையை இழக்கப் போகிறீர்களா?' என்று கேட்பார்கள். 'தற்காலிகமாக நிறுத்து' பளிச்சென்று தெரியும், 'ரத்து' மங்கலாக இருக்கும். தற்காலிக நிறுத்தம் ரத்து ஆகாது. நாள் முடிந்ததும் மறுபடி பிடிப்பார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 ஏமாற்று உத்திகளுக்குத் தடை விதித்தது. ரத்து வழியை மறைப்பதும், இலவசச் சந்தாவுக்கே ஆட்டோபே கேட்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

அவர்கள் வழிவிடும்வரை காத்திருக்காதீர்கள். எந்த யுபிஐ ஆப்பில் பின் போட்டீர்களோ, அதிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்யலாம். கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால், பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு சந்தாப் பகுதிக்குப் போங்கள். கார்டில் கொடுத்திருந்தால் உங்கள் வங்கியிடம் நிறுத்தச் சொல்லுங்கள். சந்தா நிறுவனத்திலும் ரத்தைப் பதிவு செய்து, திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், விளம்பரம் என்று தள்ளிவிடுகிறோம். ஆப்பின் பெயருக்குப் பதில் வேறு கம்பெனி பெயர்கூட இருக்கலாம். தொகையையும் தேதியையும் பாருங்கள்.

கோபத்தில் இணையத்தில் 'கஸ்டமர் கேர்' நம்பர் தேடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. போலி நம்பர்கள் அங்கே நிறைய. ஓடிபி கேட்டாலோ, திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னாலோ உடனே போனை வைத்துவிடுங்கள். ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்; எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்கள் கையில் இருக்கட்டும்.