புதிய சன்ஸ்கிரீன் பொருளை வெளிச்சத்தில் வைத்துச் சோதிப்பது எப்படி?

புதிதாக ஒரு புற ஊதா வடிப்பான் சோதனைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உள்வாங்குகிற வெளிச்சத்தை இது என்ன செய்கிறது? கதிரை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. உறிஞ்சிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிட்டால் நல்லது. பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டால், காப்பாற்ற வேண்டிய செல்லையே அது கொல்லத் தொடங்கும். இருட்டில் சோதித்தால் இதே பொருள் பரம சாதுவாகத் தெரியும். எரிச்சல், ஒவ்வாமை, மரபணுச் சேதம், தோல் வழியாக ரத்தத்தில் கலப்பது என்று பல சோதனைகள் உண்டு, எல்லாமே தேவைதான். ஆனால் சன்ஸ்கிரீனுக்கு, வெளிச்சம் பட்டால் பொருள் நச்சாகிறதா என்று பார்க்கும் ஒளிநச்சுச் சோதனையை மற்றவற்றுக்குப் பின்னால் தள்ளிவைக்கக் கூடாது என்பது என் கருத்து.

நான் செய்வது 3டி3 நியூட்ரல் ரெட் சோதனை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பான ஓஇசிடியின் 432ஆம் சோதனை வழிகாட்டுதல் இதற்கு உண்டு. 2004இல் வந்தது, 2019இல் திருத்தப்பட்டது. 3டி3 என்ற எலிச் செல் வரிசையை ஆய்வகத்தில் வளர்த்து வைத்துக்கொண்டால் போதும், உயிருள்ள விலங்கு வேண்டாம். விலங்குகளில் சோதித்த அழகுசாதனப் பொருட்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முழுதாகத் தடை செய்த பிறகு இதுபோன்ற முறைகளின் முக்கியத்துவம் இன்னும் கூடிவிட்டது.

ஏற்பாடு எளியது. 96 குழி பிளேட் இரண்டு எடுத்து, குழிக்கு 10,000 செல் வீதம் விட்டு, 24 மணி நேரம் இன்குபேட்டரில் வையுங்கள். மறுநாள் இரண்டிலும் ஒரே மாதிரி எட்டு அளவுகளில் பொருளைச் சேர்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஒன்று விளக்கின் கீழே போகும், மற்றொன்று இருட்டுப் பெட்டிக்குள் போகும். இரண்டும் ஒரே வெப்பநிலையில், ஒரே நேரம் இருக்க வேண்டும். பொருளைச் சேர்க்கும் கரைசலில் செல்லுக்கு ஊட்டமாக விடும் சீரமோ, வளர்ப்பு மீடியத்தில் வழக்கமாக இருக்கும் சிவப்பு நிறங்காட்டியோ இருக்கக் கூடாது. அவை தாங்களே ஒளியை உறிஞ்சும், வெளிச்சம் பட்டுத் தாங்களே நச்சாகவும் மாறலாம். கால்சியம், மக்னீசியம் உள்ள உப்புக் கரைசல் போதும்.

சரி, இனி நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம்: கரைப்பது. புற ஊதா வடிப்பான்களில் பெரும்பாலானவை எண்ணெயில் கரைபவை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்குபவை. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் தெளிவாகக் கரைந்து நிற்கும், அதையே உப்புக் கரைசலில் விட்டதும் பால் போல வெளுக்கும். வழிகாட்டுதல் மில்லிலிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம் வரை போகச் சொல்கிறதே என்று அந்த வெளுத்த கரைசலைச் செல்மேல் ஊற்றாதீர்கள். அடியில் படிந்த துகளைச் செல் உள்ளே எடுத்துக்கொள்ளாது. இருட்டிலும் பாதிப்பில்லை, வெளிச்சத்திலும் பாதிப்பில்லை என்று ஒரு பொய் ஆறுதல்தான் கிடைக்கும். விளக்கின் கீழே வைப்பதற்கு முன் பிளேட்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால், படிகம் இல்லாத அளவுதான் உங்கள் உச்ச அளவு. ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள். டிஎம்எஸ்ஓ மொத்தத்தில் 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்றும் சன்ஸ்கிரீன் பொருளுக்கே உரிய சிக்கல். அளவு கூடக்கூட, கரைசலே கதிரை மறித்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் செல்லுக்கு வெளிச்சமே போய்ச் சேராது. அதனால் உச்ச அளவில் செல் பிழைத்திருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். கீழ் அளவுகளைச் சின்னச் சின்ன இடைவெளியில் வைத்து, அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். என் கண் முதலில் போவது அந்த நடுக் குழிகளுக்குத்தான்.

கதிரின் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் யூவிஏ, அதாவது நீண்ட அலைநீளப் புற ஊதா. 1.7 மில்லிவாட் செறிவில் 50 நிமிடம் வைத்தால் அது வந்துவிடும். அலைநீளம் குறைந்த யூவிபி கதிர் இந்தச் செல்களைத் தானே கொன்றுவிடும் என்பதால் வடிகட்டி போட்டு அதைக் குறைக்க வேண்டும். பிளேட் மூடியோடுதான் விளக்கின் கீழே போகும். ஆகவே கதிர்மானியின் மேலும் அதே வகை மூடியை வைத்தே அளவிடுங்கள். மூடியின் உள்பக்கம் நீராவி படிந்தால் ஒளி சிதறும், அதற்கு ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் போதும்.

அப்புறம் பொருளைக் கழுவிவிட்டு, புது மீடியம் ஊற்றி, இரவு முழுதும் விடுங்கள். மறுநாள் நியூட்ரல் ரெட் சாயத்தை 3 மணி நேரம் கொடுக்க வேண்டும். உயிருள்ள செல் மட்டுமே அதைத் தன் லைசோசோம் என்ற உள்ளறைகளில் சேர்த்துவைக்கும். சாயக் கரைசலில் படிகம் கட்டும் வாய்ப்பு உண்டு, வடிகட்டி எடுங்கள். கழுவி, அசிட்டிக் அமிலம் கலந்த எத்தனாலில் சாயத்தைப் பிரித்து, சாயத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டர் ஒளியில் கருவியில் படியுங்கள். படிப்பதற்கு முன் பிளேட்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். இருட்டுப் பிளேட்டில் வரிசை முழுக்கச் சிவப்பாகவும், வெளிச்சம் பட்டதில் பாதியிலிருந்து வெளிறியும் இருந்தால், கருவி எண்ணைக் காட்டும் முன்பே விஷயம் புரிந்துவிடும்.

பாதிச் செல்களின் உயிர்த்துடிப்பைப் போக்கும் அளவை இரண்டு பிளேட்டுக்கும் கணக்கிட்டு, இருட்டின் அளவை வெளிச்சத்தின் அளவால் வகுங்கள். இருட்டில் 80, வெளிச்சத்தில் 8 என்றால் விடை 10. அது 5க்கு மேல் வந்தால் ஒளிநச்சு, 2க்குக் கீழே என்றால் இல்லை. இடையில் வந்தால் சந்தேகத்துக்குரியது, அங்கே நான் பொருளுக்குச் சாதகமாகப் பேசமாட்டேன். பாதியைத் தொடவே இல்லை என்றால் இந்த வகுத்தல் நடக்காது, அளவு கூடக்கூடச் செல் எவ்வளவு பிழைக்கிறது என்று காட்டும் இரண்டு பிளேட்டின் வளைவுகளையும் முழுதாக ஒப்பிடும் இன்னொரு கணக்கு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் குளோர்புரோமசினைக் கூடவே ஓட்டுங்கள். ஒளிநச்சு என்று உறுதியாகத் தெரிந்த மருந்து அது. அதன் விகிதம் 6ஐத் தாண்டவில்லை என்றால் அந்தச் சோதனையையே தள்ளிவிடுங்கள். கரைப்பான் மட்டும் உள்ள குழிகளில், வெளிச்சம் பட்டவை இருட்டில் இருந்தவற்றில் 80 சதவீதமாவது பிழைத்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயம்.

டைட்டானியம் டையாக்சைடு போன்ற கரையாத துகள்களுக்கு இந்த முறையை மட்டும் நம்ப வேண்டாம். ஒளிபட்டால் வினையூக்கியாக வேலை செய்யக்கூடியது அது, சிலிக்கா, அலுமினா என்று பூச்சுப் போடுவதும் அதனால்தான். எனவே சன்ஸ்கிரீனில் சேரப்போகும் அதே பூச்சுள்ள வகையைத்தான் சோதனைக்குக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒளிநச்சு என்று விடை வந்தாலும், கரைய மறுத்ததால் விடை தெளிவாக வராவிட்டாலும், அடுத்து ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் அடுக்குக்குப் போகலாம். 2021இல் வந்த 498ஆம் வழிகாட்டுதல் அதற்கானது. எண்ணெயில் கரைத்ததையே தோலின் மேல் தடவ முடியும். வெளிச்சம் படாத தோலோடு ஒப்பிட, பட்டதில் உயிர்த்துடிப்பு 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் ஒளிநச்சு. அங்கே அனுப்பும்போது பொருளின் தொகுதி எண்ணையும், படிகம் தொடங்கிய அளவையும் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.