கட்டிப் பெருங்காயத்தைக் கரைத்து வையுங்கள்

கட்டிப் பெருங்காயத்தைச் சுண்டைக்காய் அளவு கிள்ளி, சிறிய கண்ணாடி பாட்டிலில் போட்டு, அது மூழ்கும்படி கால் டம்ளர் வெந்நீர் ஊற்றி இரவு மூடி வையுங்கள். காலையில் பால் போலக் கலங்கிய கரைசல் இருக்கும். சாம்பார், ரசம் கொதிக்கும்போது ஒரு ஸ்பூன் போதும்.

பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். அதில் பிசினும், தண்ணீரில் கரையாத ரெசின் என்ற பிசுபிசுப்பான பொருளும் கலந்திருக்கின்றன. பிசின் தண்ணீரில் கரைந்து ரெசினையும் தன்னோடு பரப்பிவிடுவதால், வாசனை குழம்பு முழுக்கச் சீராக இறங்கும். கல்லில் தட்டும் வேலையும் இல்லை, கட்டியாக வாயில் அகப்பட்டுக் கசக்கவும் செய்யாது. மோரில் உப்போடு நாலு சொட்டு விட்டுக் கலக்குவதும் இதில்தான் சுலபம். வயிறு உப்புசத்துக்கு நம் வீடுகளில் கொடுக்கிற அதே மோர்தான்.

பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் பாலும் மணக்கும்.

எண்ணெயில் தாளிக்க இது ஆகாது, தெறிக்கும். இட்லிப் பொடி, ஊறுகாய்க்கும் வேண்டாம், ஈரம் பட்டால் கெட்டுவிடும். அவற்றுக்குக் கட்டியைச் சிறு துண்டுகளாக எண்ணெயில் பொரித்துப் பொடித்துக்கொள்வதே சரி. அப்புறம், கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைப் பார்த்து அரிசி மாவு சேர்த்ததாக வாங்குங்கள்.