தி கிளாஷ் குழுவை நேரில் பார்த்த இரவை எழுதிவைக்கும் முறை

1976-க்கும் 1985-க்கும் இடையில் தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை) குழுவின் கச்சேரியை நேரில் பார்த்தவர்களுள் பெரும்பாலோர் இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள். அந்த இரவைப் பற்றிக் கேட்டால் அவர்களிடமிருந்து முதலில் வருவது, "அன்றோடு என் வாழ்க்கையே மாறிவிட்டது" என்ற வாக்கியம்தான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே வாக்கியத்தை வேறு எந்தக் குழுவைப் பற்றியும், வேறு எந்த ஊரைப் பற்றியும் சொல்லிவிட முடியும் என்பதால், படிப்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது ஒன்றுமில்லை. தாம் பார்த்த பங்க் கச்சேரியை எழுதிவைக்க விரும்புகிறவர்களுக்கும், தம் வீட்டுப் பெரியவரிடமிருந்து அதைக் கேட்டு எழுத விரும்புகிறவர்களுக்கும் இங்கே சில வழிமுறைகளைச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் கிளாஷிடமிருந்தே எடுத்துக்கொண்டாலும், அக்காலத்தின் எந்தக் குழுவுக்கும் இம்முறை பொருந்தும்.

எழுத உட்காரும் முன் இசைத்தட்டைப் போட்டுக் கேட்காதீர்கள்; படங்களையும் ஆவணப்படங்களையும் பார்க்காதீர்கள். நினைவைத் தட்டியெழுப்ப அவை உதவும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பதோ நேர்மாறானது. 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் கிளாஷின் பால் சிமனன் தன் பேஸ் கிட்டாரைத் தரையில் ஓங்கி அடித்த கணத்தைப் பென்னி ஸ்மித் படமெடுத்தார். அது அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த இசைத்தட்டின் அட்டைப்படமாகி உலகம் முழுவதும் சென்றது. அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர், நாற்பது ஆண்டுகள் அந்த அட்டையைப் பார்த்த பிறகு, அக்காட்சியைப் பத்தடி தூரத்திலிருந்து தாமே பார்த்ததாக நம்பத் தொடங்குவதில் வியப்பில்லை. அவர் பொய் சொல்லவில்லை. படம் மெல்ல நினைவின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய மறுநாள், அச்செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிவைத்த உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும், இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலான பிறகு அதே கேள்வியை மீண்டும் கேட்டபோது, பலர் வேறொரு கதையை முழு உறுதியோடு சொன்னார்கள். மூன்றே ஆண்டுகளில் இப்படி என்றால் நாற்பது ஆண்டுகளுக்குக் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே முதல் வரைவை வெறும் காகிதத்தில், ஒரே அமர்வில், எதையும் புரட்டாமல் எழுதுங்கள். எழுதிய தேதியை மேலே குறித்துவையுங்கள். பாடலின் பெயர் மறந்துவிட்டால் "மூன்றாவதாக வந்த வேகமான பாட்டு" என்று எழுதினால் போதும். நினைவில்லாத இடத்தில் ஒரு வெற்றுக்கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். அந்தக் கோட்டைப் பின்னால் ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

மேடையிலிருந்து தொடங்கவும் வேண்டாம். மேடையைப் பற்றி எழுதப் பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். நீங்கள் அரங்குக்கு வந்து சேர்ந்த வழியை எழுத வேறு யாரும் இல்லை. டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள், உடன் வந்தவர் யார், எந்தச் சட்டையில் எதைக் கிழித்து எங்கே ஊக்குக் குத்தினீர்கள், அந்தக் கோலத்தில் பேருந்தில் ஏறியபோது மற்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள், கடைசி ரயிலைத் தவறவிட்ட பின் இரவை எங்கே கழித்தீர்கள் என்பவையெல்லாம் மேடையில் ஒலித்த முதல் சுரத்தைவிட உறுதியாக உங்களிடம் இருக்கும். கிளாஷைப் பொறுத்தவரை இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். கையில் காசில்லாத ரசிகர்களைப் பின்வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உள்ளே விட்டதும், ஊர் திரும்ப வழியில்லாதவர்களைத் தம் விடுதி அறைத் தரையில் படுக்கவைத்ததும் அக்குழுவைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்திகள். உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால், பெருந்தன்மையைப் புகழ்வதோடு நிறுத்தாமல், அந்த அறையில் எத்தனை பேர் படுத்திருந்தீர்கள், தலைக்கு எதை வைத்துக்கொண்டீர்கள் என்பதுவரை எழுதுங்கள்.

உடம்பைக் கேட்டால் நினைவு வரும் என்பது என் அனுபவம். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பார்க்கில் இனவெறி எதிர்ப்புப் பெருவிழா நடந்தது. கிளாஷோடு ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் பேண்ட் ஆகிய குழுக்களும் மேடையேறின. அன்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் எனக்கு எழுதித் தந்த இரண்டு பக்கங்களில் "மாபெரும் கூட்டம்", "மறக்க முடியாத ஆவேசம்" என்பவற்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. அன்று காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவை அண்ணனுடைய பூட்ஸ் என்றும், ஒரு சுற்றுப் பெரிதாக இருந்ததால் முன்பக்கத்தில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்திருந்ததாகவும் சொன்னார். டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக நடந்து வந்ததில் குதிகால் தோல் உரிந்துபோனது. கிளாஷ் மேடையேறியபோது இடது பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார். யாரோ அந்த வெறுங்காலை மிதித்துவிட்டார்கள். திரும்பி முறைத்தால், மிதித்த பையன் அழுதுகொண்டிருந்தான். அந்தப் பையன் ஏன் அழுதான் என்பது அவருக்கு இன்றும் தெரியாது. நான் திருத்திய பிரதியில் முதல் இரண்டு பக்கங்கள் போய்விட்டன. பூட்ஸும் பையனும் மட்டும் இருக்கிறார்கள்.

அதே போல் ஒலியையும் எழுத வேண்டும். "காது கிழியும் சத்தம்" என்பது எல்லோரும் எழுதுவது. நீங்கள் நின்ற இடத்தில் எந்தக் கருவி மேலெழுந்து கேட்டது, பாட்டின் சொற்கள் புரிந்தனவா, டிரம்ஸ் அடி நெஞ்சில் விழுந்ததா காதில் விழுந்ததா, மறுநாள் எத்தனை மணிவரை காதில் ரீங்காரம் இருந்தது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பல அரங்குகளில் கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பாடிய ஒரு சொல்கூடப் புரியாமலே இளைஞர்கள் கூடவே பாடினார்கள். அதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வரைவு முடிந்த பிறகுதான் சரிபார்ப்பு. இதற்கு வேறு நிற மையைப் பயன்படுத்துங்கள், முதல் வரைவை அடிக்காதீர்கள். தவறாக நினைவிருப்பதும் ஒரு செய்தி.

தேதியைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி, மேடையில் யார் இருந்தார்கள் என்று பார்ப்பது. 1976 ஜூலை 4 அன்று ஷெஃபீல்டின் பிளாக் ஸ்வான் மதுக்கூடத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற மற்றொரு பங்க் குழு மேடையேறும் முன் கிளாஷ் தன் முதல் கச்சேரியை வாசித்தபோது கீத் லெவீனும் கிட்டாருடன் இருந்தார். அவர் அந்த செப்டம்பரிலேயே விலகிவிட்டார். 1976 டிசம்பர் பயணத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ராப் ஹார்ப்பர். டாப்பர் ஹெடன் 1977 வசந்தத்தில் சேர்ந்து 1982 மே மாதத்தில் நீக்கப்பட்டார். அதன் பிறகு முதல் டிரம்மரான டெரி சைம்ஸ் திரும்பி வந்தார். கிட்டார் வாசித்த மிக் ஜோன்ஸ் 1983 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டார். ஆகவே 1982 அக்டோபரில் நியூயார்க்கின் ஷே அரங்கில் தி ஹூ குழுவுக்கு முன்னால் கிளாஷ் வாசித்ததைப் பார்த்த ஒருவர் டாப்பர் ஹெடனை மேடையில் கண்டதாக எழுதினால், இரண்டு கச்சேரிகள் அவருக்குள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று கொள்ளலாம். ஒருவர் விக்டோரியா பார்க் மேடையின் வண்ண விளக்குகளை வருணித்தாலும் இதே ஐயம் எழ வேண்டும், ஏனெனில் அங்கே கிளாஷ் வாசித்தது பட்டப்பகலில்.

டிக்கெட் கையில் இருப்பதாலேயே அதில் அச்சிட்ட தேதியை நம்பிவிடக் கூடாது. 1976 டிசம்பர் முதல் தேதி செக்ஸ் பிஸ்டல்ஸ் தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசிய மறுநாளிலிருந்து, கிளாஷும் உடன் சென்ற அந்தப் பயணத்தின் பெரும்பாலான கச்சேரிகளை உள்ளூர் அதிகாரிகளும் அரங்க உரிமையாளர்களும் ரத்து செய்தார்கள். நடக்காத கச்சேரிகளின் டிக்கெட்டுகள் இன்றும் பலரிடம் இருக்கின்றன. 1981-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் பாண்ட்ஸ் அரங்கில் எட்டு இரவுகள் என்று அறிவிக்கப்பட்டது. அரங்கு தாங்கக்கூடியதைவிட மிக அதிகமாக டிக்கெட் விற்றிருந்ததால் தீயணைப்புத் துறை தலையிட்டது. விற்ற டிக்கெட்டுகளுக்கு ஈடுகொடுக்க மே 28 முதல் ஜூன் 13 வரை 17 கச்சேரிகளைக் குழு வாசித்துத் தீர்த்தது. மே மாத டிக்கெட்டை வைத்திருப்பவர் ஜூன் மாதத்தில் பார்த்திருக்கலாம். அக்கால வார இசைப் பத்திரிகைகளான என்எம்இ, சவுண்ட்ஸ், மெலடி மேக்கர் ஆகியவற்றின் பழைய இதழ்களும், ரசிகர்கள் ரகசியமாகச் செய்த ஒலிப்பதிவுகளும் இங்கே உதவும். ஆயினும் ஒலிப்பதிவைக் கடைசியில் கேளுங்கள். அதைக் கேட்ட பிறகு உங்கள் காது உங்களுடையதாக இருக்காது.

சில கச்சேரிகளுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. 1985 மே மாதத்தில் கிளாஷ் மின்கருவிகள் இன்றி, கையில் சாதாரண கிட்டார்களோடு வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நகரங்களின் தெருக்களிலும் சுரங்க நடைபாதைகளிலும் வாசித்துக்கொண்டே சென்றது. டிக்கெட் இல்லை, சுவரொட்டி இல்லை. கடைக்குப் போன வழியில் அதைப் பார்த்த ஒருவர் உங்களுக்குக் கிடைத்தால், மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவரிடம் முதலில் போங்கள்.

நினைவுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது நடுவர் வேலை பார்க்க வேண்டாம். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்த கச்சேரிக்கு வந்தவர்கள் சில பத்துப் பேர்தான். அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களைச் சேர்த்தால் அந்த அரங்கு போதாது. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஜூலை 20 அன்று அதே அரங்கில், அதே குழு மீண்டும் வாசித்தது, அப்போது கூட்டம் பெரிது. ஜூலையில் பார்த்தவர் ஜூன் என்று சொல்வதில் பொய் மிகக் குறைவு. இருவரை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் உரத்துப் பேசுகிறவரின் நினைவே இருவருடையதுமாகிவிடும் என்பதால், தனித்தனியாகக் கேட்டு, இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கேள்வியில் விடையை வைக்காதீர்கள்: "பவுன்சர்கள் அடித்தார்களா?" என்று கேட்காமல், "வாசலில் யார் நின்றார்கள்?" என்று கேளுங்கள்.

கசப்பானவற்றை விட்டுவிடக் கூடாது. மேடையை நோக்கி எச்சில் துப்புவது அன்றைய வழக்கமாக இருந்தது, அதை வேடிக்கையாக மட்டும் எழுதும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. துப்பியவர்களில் நீங்களும் ஒருவரா என்று எழுதினால்தான் அந்தப் பத்திக்கு மதிப்பு. 1978 ஜூலை 4 அன்று கிளாஸ்கோ அப்பல்லோவில் காவலாட்கள் ரசிகர்களை அடித்ததையும், கச்சேரிக்குப் பின் வெளியே ஸ்ட்ரம்மரும் சிமனனும் கைதானதையும் பார்த்தவர்கள், யார் முதலில் கை ஓங்கினார்கள் என்பதைத் தாம் நின்ற இடத்திலிருந்து தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பெண்களுக்கு நேர்ந்த தொல்லைகளைப் பெண்கள் எழுதியபோதுதான் ஆண்களுக்கு நினைவு வந்தது என்பதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். உடன் வந்த நண்பரின் பெயரை அவரைக் கேட்காமல் எழுத வேண்டாம், முதலெழுத்து போதும்.

இறுதியாக, அன்றைக்குத் தெரிந்ததையும் பின்னால் தெரிந்துகொண்டதையும் வெவ்வேறு பத்திகளில் வையுங்கள். இதுதான் கடினமான பகுதி. 2002 நவம்பர் 15 அன்று லண்டன் ஆக்டன் டவுன் ஹாலில், வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்புத் தொழிலாளர்களுக்காக ஸ்ட்ரம்மர் தன் புதிய குழுவோடு வாசித்தார். கூட்டத்தில் நின்றிருந்த மிக் ஜோன்ஸ், எந்த முன்னறிவிப்பும் இன்றி மேடையேறி அவரோடு சேர்ந்து வாசித்தார். சுமார் 19 ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் ஒரே மேடையில் நின்ற அந்த நிகழ்வுக்குப் பின் 37 நாட்களில், டிசம்பர் 22 அன்று, ஸ்ட்ரம்மர் இறந்துபோனார். அன்று அங்கிருந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் ஏறக்குறைய எல்லாமே அந்தச் சாவிலிருந்து தொடங்குகின்றன. மேடையேறிய மிக் ஜோன்ஸின் முகத்தில் அப்போதே ஒரு பிரியாவிடை தெரிந்ததாகக்கூட எழுதிவிடுகிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, நவம்பர் 15 இரவு அரங்கிலிருந்து வெளியே வந்ததும் உங்கள் நண்பரிடம் நீங்கள் சொன்ன முதல் வாக்கியம் எது என்று யோசித்து, அதை அங்கே எழுதுங்கள். மழை பெய்கிறது, வண்டி கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்களென்றாலும் அதையே எழுதுங்கள்.